பிழையாகச் சொல்ல ஒரு பிள்ளை

ஆசிரியரின் பிள்ளை அதே பாடசாலையில் படித்தால் அதற்கென்று ஒரு எழுதாத சட்டம் உண்டு. பாடசாலை வாசல் கேற்றைத் தாண்டியதும் அம்மா ரீச்சர் ஆகிவிடுவா. காலையில் ஸ்கந்தபுரத்திலிருந்து என் ஸ்கூட்டியின் பின்னால் இருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வருகிற என் மகள், கேற்றடியில் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டு, "குட்மோர்னிங் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவாள். எட்டாம் ஆண்டில் அவளுக்குக் கணிதம் படிப்பிப்பதும் நான்தான். பாடசாலையில் இருப்பது ஒரே ஒரு கணித ஆசிரியர். அவளுக்காக வேறொருவரை எங்கே போய்ப் பிடிப்பது?

எனக்குக் கணிதம் வரும். கணினி வராது. வராது என்பதை நான் ஒருவருக்கும் தெரியவிடவில்லை என்பதுதான் விசேஷம். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் கணினி அறை கட்டித் தந்தபோது ரிபன் வெட்டியவர்களுக்குப் பின்னால் நானும் நின்று கைதட்டினேன். அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கம் போனதில்லை. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் பூப்போட்ட துணியால் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். அறைக் கதவின் திறப்பு பாடசாலை அதிபரின் மேசை லாச்சிக்குள் கிடக்கும். யாராவது ஏன் பாவிக்கவில்லை என்று கேட்டால், "பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை" என்பேன். அதைக் கேட்டவர்கள் என்னை மிகவும் கடமையுணர்ச்சி உள்ளவள் என்று நினைத்திருப்பார்கள்.

அப்படியிருக்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் ஆசிரிய ஆலோசகரை அனுப்பினார்கள். பரந்தன்காரர், என்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது குறைந்தவர். கணினிப் பாடம் படிப்பிப்பது அவருடைய வேலை இல்லை. கணிதம், விஞ்ஞானம், புவியியல் என்று மற்றப் பாடம் எடுக்கிற எங்களைப் போன்றவர்கள் அந்தந்தப் பாடத்துக்குள்ளேயே கணினியைக் கொண்டுவரப் பழக்குவதுதான் வேலை. புதன்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு வருவார். வந்து என் பக்கத்துக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு திரையில் அம்புக்குறியைக் காணாமல் தவிப்பேன். மனுசன் கையை அவிழ்க்கமாட்டார்.

"நீங்களே அமத்துங்கோ ரீச்சர். நான் அமத்தினால் எனக்குத்தான் வரும்."

முதல் இரண்டு புதனும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்றாவது புதன் நானே எண்களைப் போட்டுக் கூட்டுத்தொகை எடுத்தேன். பெட்டி பெட்டியாகக் கோடு போட்ட அந்தத் தாளை, பாடப்புத்தகம் விரிதாள் என்று சொல்கிறதை, அன்றைக்குத்தான் உண்மையில் விரித்தேன். அவர் சொன்ன ஒரு கதையை இன்றைக்கும் மறக்கவில்லை.

"கொம்பியூட்டரைப் படிப்பிக்காதேங்கோ. கணக்கைப் படிப்பியுங்கோ, அது பக்கத்தில நிண்டு உதவி செய்யட்டும். ஒண்டு மட்டும் செய்யுங்கோ. பொத்தானை அமத்த முதல் என்ன வரும் எண்டு பிள்ளையளிட்டக் கேளுங்கோ. பிழையாச் சொன்னா நல்லது. பிழையாச் சொன்ன பிள்ளைதான் திரையை வடிவாப் பாக்கும்."

அந்தப் புதன்கிழமைகளில் மகளும் என்னோடு நிற்பாள். நான் இல்லாமல் வீட்டுக்கு எப்படிப் போவது? பக்கத்துக் கணினியின் உறையை எடுத்துவிட்டு அவளும் எதையாவது தட்டுவாள். எனக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்; அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். கிளிநொச்சி ரவுணில் வலயம் ஒரு சனிக்கிழமை வகுப்பு தொடங்கப் போகிறது, பிள்ளைகளுக்குக் கணினி நிரல் எழுதப் பழக்குவார்கள், ஒவ்வொரு பாடசாலைக்கும் இரண்டு இடம் என்று ஆலோசகர் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் அதே கதைதான். "அம்மா, என்னை விடுவீங்களோ? சனிக்கிழமை நான் உடுப்புத் தோய்ச்சுத் தாறன் அம்மா." இதுவரை எதையும் இவ்வளவு ஆசைப்பட்டு அவள் கேட்டதில்லை. கிடைத்தால் பார்ப்போம் என்றேன். உண்மையில் கிடைக்கும் என்றுதான் நம்பினேன். என் வகுப்பில் அவளை விட்டால் வேறு யார் என்ற தாய்ப் பெருமை எனக்குள் இருந்தது.

முதல் பாடம் சராசரி. பாடசாலைத் தோட்டத்து வெண்டிக்கன்றுகளைப் பிள்ளைகள் அடிமட்டத்தால் அளந்துகொண்டு வந்தார்கள். எல்லா உயரத்தையும் விரிதாளில் போட்டோம். கணினி சராசரியைக் கணித்துப் புரொஜெக்டர் வழியாகச் சுவரில் காட்டியது. அப்போது நான் ஆலோசகர் சொன்னபடி கேட்டேன்.

"ஒரு கண்டை ஆடு கடிச்சிட்டுது. அதின்ர உயரம் பாதியாப் போச்சு. அந்த இலக்கத்தை நான் இப்ப மாத்தப் போறன். கீழ இருக்கிற சராசரிக்கு என்ன நடக்கும்?"

முன் வரிசையில் ஒரு பிள்ளை எழும்பினாள். மெலிந்த, வாயடக்கமான பிள்ளை.

"ஒண்டும் நடக்காது ரீச்சர். அது ஏற்கெனவே கணக்குப் பாத்து முடிச்சிட்டுது. ஆடு கடிச்சது அதுக்குத் தெரியாதுதானே."

வகுப்பே சிரித்தது. நான் இலக்கத்தை மாற்றினேன். சராசரி தானாகக் குறைந்தது. அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏன் என்று கேட்டாள். அவள் கேட்க மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. இருபது வருடமாகச் சராசரி படிப்பிக்கிறேன். சராசரிக்காக ஒரு பிள்ளை இடைவேளையை விட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். அன்றைக்கு நேரத்தோடு வந்து பின்னால் இருந்த ஆலோசகரின் முகம் மலர்ந்து கிடந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நான் மரியாதையாக இருந்திருப்பேன்.

அவர் போய் வலயத்தில் சொல்லியிருக்கிறார். எங்கள் பாடசாலையில் மாதிரிக் கற்பித்தல் ஒன்று வைக்கலாம், மற்றப் பாடசாலைக் கணித ஆசிரியர்கள் வந்து பார்க்கட்டும், எல்லோரும் மடம் என்று கூப்பிடுகிற வலயப் பணிப்பாளர் அம்மாவும் வருவா என்று முடிவாயிற்று. அதைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆலோசகர் சொன்னார்: "மற்ற எட்டாம் வகுப்புப் பிள்ளையளோட செய்யுங்கோ ரீச்சர். அவைக்கு இந்தக் கேள்வி தெரியாது. என்ன சொல்லுகினமோ சொல்லட்டும்." எனக்கு அது சரிவரவில்லை. என்ன சொல்வார்களோ சொல்லட்டும் என்றால், பணிப்பாளருக்கு முன்னால் ஒன்றும் சொல்லாமல் மரமாக நின்றால்? நான் அடுத்த பொத்தானைத் தேடிக் காணாமல் போனால்? அதே வகுப்பு, அதே பாடம் என்று பிடிவாதமாக நின்றேன். ஒத்திகையும் பார்த்தேன். ஒத்திகை பார்க்காத மாதிரிப் பாடம் எங்கேயாவது நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. யார் எந்தக் கேள்விக்குக் கை உயர்த்துவது, யார் விடை சொல்வது, எங்கே எல்லோரும் வியப்பது என்று எல்லாம் பழக்கினேன்.

ஒரு சிக்கல் இருந்தது. ஆட்டுக் கேள்விக்கு யாராவது பிழையாகச் சொன்னால்தான் பாடம் களைகட்டும். எல்லோருக்கும் இப்போது சரியான விடை தெரியும். முதலில் சொன்ன அந்தப் பிள்ளையிடமே திரும்பச் சொல்லச் சொல்லலாமோ என்று யோசித்தேன். வந்தவர்கள் எல்லாம் சிரிக்க அது முகம் கறுத்துப்போய் நிற்கும். பின்னேரம் தாய் கேற்றடியில் வந்து நிற்பா. இந்த ஊரில் யாருடைய பிள்ளையை ரீச்சர் என்ன சொன்னா என்பது ரீச்சர் தன் வீட்டுக்குப் போகுமுன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு வேறொரு கேள்வியின் சரியான விடையைக் கொடுத்தேன். பிழையான விடைக்கு என் பிள்ளையைத் தெரிந்தெடுத்தேன். சொந்தப் பிள்ளை என்றால் கேட்க ஒருவரும் வரமாட்டார்கள்.

"எனக்குத் தெரியும்தானே அம்மா. தெரிஞ்சுகொண்டு ஏன் அப்பிடிச் சொல்லோணும்?" என்றாள் குசினி வாசலில் நின்று.

"எனக்காகச் சொல்லு. ஒருக்கால்தானே."

சரி என்று தலையாட்டினாள்.

அந்த நாள் வந்தது. சுவரில் விழுகிற படம் தெளிவாகத் தெரிய, ஜன்னல்களை மறைக்க என் வீட்டுப் பெட்சீற்றுகளையே கொண்டுபோய்க் கட்டினேன். மயில் போட்ட பெட்சீற்றுக்குக் கீழே பணிப்பாளரும் பிற பாடசாலை ஆசிரியர்களும் கதிரைகளில் இருந்தார்கள். பாடம் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடியது. ஆட்டுக் கேள்வியைக் கேட்டேன். மகள் எழும்பினாள். நான் பழக்காததையெல்லாம் அவளே சேர்த்துக்கொண்டாள்: தலையைச் சொறிந்தாள், கூரையைப் பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள். "ஒண்டும் நடக்காது ரீச்சர். ஆடு கடிச்சது அதுக்குத் தெரியாதுதானே."

பின்னால் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தா. நான் இலக்கத்தை மாற்றினேன், சராசரி குறைந்தது, பிள்ளைகள் பழக்கியபடி வியந்தார்கள். கைதட்டினார்கள். என் கால் நிலத்தில் படவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், அந்த நேரம் எனக்கு வெட்கமாக இருக்கவில்லை, சந்தோஷமாக இருந்தது.

பாடம் முடிய பணிப்பாளர் எழும்பி முன்னுக்கு வந்தா. நல்ல மனுசி, பிள்ளைகளில் பிரியம். நேரே போய் என் மகளின் தலையில் கையை வைத்தா. வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டா.

"ஆரின்ர பிள்ளை ரீச்சர் இது?"

என்னுடைய பிள்ளை என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? எனக்குள் இரண்டு பயம் ஒன்றாக எழும்பியது. மகள் என்று சொன்னால் எல்லாம் பழக்கிச் சொல்லவைத்தது என்று பிடிபட்டுவிடும். பிடிபடாவிட்டால் அது இன்னும் மோசம்: கணித ரீச்சரின் மகளுக்கே சராசரி தெரியாது என்று வலயம் முழுக்கக் கதைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் என் வாயில் வந்தது இதுதான்.

"இஞ்ச பக்கத்துப் பிள்ளைதான் மடம்."

மகள் என்னைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளும் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தினமும் ஸ்கூட்டியில் வந்து இறங்குவதைக் காண்கிறவர்கள். ஒரு பிள்ளையாவது வாயைத் திறக்கவில்லை. சிறுபிள்ளைகள், எனக்காக அந்தப் பொய்யை என்னோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"வெகுளிப் பிள்ளை," என்றா பணிப்பாளர். "அடிப்படையை மட்டும் கொஞ்சம் வடிவாச் சொல்லிக் குடுங்கோ. பிடிச்சிடுவாள்."

"ஓம் மடம்."

"அதோட, சனிக்கிழமை வகுப்புக்கு ரெண்டு பேரை இப்பவே சொல்லிப்போட்டுப் போறன். கண்ணால பாத்து எடுத்தால் பிறகு ஒரு கதையும் வராது." இரண்டு பேரைக் கை காட்டினா. ஒன்று பின்வரிசைப் பெடியன். மற்றது முன் வரிசையில் இருந்த அந்த மெலிந்த பிள்ளை. நான் கொடுத்த சரியான விடையை அவள் பிசகாமல் சொல்லியிருந்தாள்.

அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பொய் சொல்லக் கூடாது, அந்த நேரம் கொஞ்சம் இருந்தது. மகள் கீழே பார்த்துக்கொண்டு கால்விரலால் சீமெந்துத் தரையைத் தேய்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் ஓரடி முன்னால் போனேன். "மடம்," என்றேன்.

"என்ன ரீச்சர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆலோசகர் சுவரோடு சாய்ந்து நின்றவர் நிமிர்ந்தார்.

"தேத்தண்ணி ஆறுது மடம்," என்றேன்.

வீட்டுக்குப் போகையில் மகள் வழமைபோல் என் இடுப்பைப் பிடித்திருந்தாள். கொஞ்சம் லேசாகப் பிடித்திருந்தாளோ, எனக்குத்தான் அப்படி இருந்ததோ தெரியாது.  வாய்க்கால் பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"பக்கத்து எண்டால் எந்தப் பக்கம் அம்மா?"

காற்றில் கேட்காததுபோல் ஸ்கூட்டியை முறுக்கினேன்.  வீட்டில் தகப்பன் வயலால் வந்து கை கால் கழுவிக்கொண்டு நின்றார். எப்படி நடந்தது என்று கேட்டார். "நல்லா நடந்தது அப்பா. எல்லாரும் சிரிச்சவை," என்று சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போனாள். சனிக்கிழமை வகுப்பைப் பற்றி அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. தகப்பனிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அந்த ஆசையை மூடிவைத்தாள் என்பது எனக்கு விளங்கியது. நான் குசினிக்குள் போய்ப் புட்டு அவித்தேன். மாவைக் கொத்துகிற தகரச் சுண்டின் சத்தத்தில் நான் அழுதது ஒருவருக்கும் கேட்டிருக்காது.

அடுத்த புதன் ஆலோசகர் வந்தார். கையைக் கட்டவில்லை.

"நீங்களே சொல்லுவீங்கள் எண்டு பாத்தனான் ரீச்சர். நான் குறுக்க வந்து சொன்னால் உங்களைக் குறைச்ச மாதிரி இருக்கும் எண்டு பேசாம நிண்டனான். இப்பவும் மடத்தோட கதைக்கலாம். கூட ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்லிக் கேக்கலாம்."

"வேண்டாம் சேர். பிறகு மற்றப் பிள்ளையளுக்கு அநியாயம் செய்த மாதிரிப் போயிடும்."

எவ்வளவு நல்ல நியாயம். கேட்டால் என்னை நேர்மையானவள் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் அவர் பணிப்பாளரிடம் சொல்லப்போகிற வசனம்தான் எனக்குப் பயம்: அது ரீச்சரின் மகள், அது பழக்கிய பாடம். ஒத்திகை பார்ப்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பணிப்பாளரும் ஒரு காலத்தில் பார்த்திருப்பா. ஒருவரும் என்னைத் தூக்கில் போடமாட்டார்கள். கொஞ்சம் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சச் சிரிப்பை என் மகள் எனக்காகப் பணிப்பாளருக்கும் முழு வகுப்புக்கும் முன்னால் நின்று வாங்கினாள். என்னால் அவளுக்காக அதை வாங்க முடியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தனியாக இருக்கும்போதுகூட முகத்தை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

 அவர் திரும்பவும் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் பாடத்தைத் தொடங்கினேன்.

அந்தப் பாடசாலைத் தவணை முடிவதற்குள் நான் தனியாகவே ஒரு பாடம் தயாரித்தேன். சலாகை வரைபு, இலக்கங்களை உயரமும் கட்டையுமான பட்டைகளாகக் காட்டுகிற படம். ஒருவரும் உதவவில்லை, ஒருவரும் பார்க்க வரவுமில்லை, ஒரு பிள்ளைக்கும் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இனிமேல் இப்படித்தான் என்று எனக்குள்ளே ஒரு சத்தியம். திரையில் சலாகைகள் வரிசையாக நின்றன. பொத்தானை அமத்துமுன் கேட்டேன்.

"இந்த ஒரு இலக்கத்தை ரெண்டு மடங்காக்கப் போறன். மற்றச் சலாகையளுக்கு ஏதும் நடக்குமோ?"

ஒரு கையும் உயரவில்லை. கேள்வி விளங்கவில்லையோ என்று திரும்பவும் கேட்டேன். பிள்ளைகள் ஆளையாள் பார்த்தார்கள். விடை தெரியாத அமைதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை. என் மகளைப் பார்த்தேன். அவளுக்கு இது தெரியும், தெரியாமல் இருக்காது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எழும்பினாள்.

"ரீச்சர், சரியாச் சொல்லவோ, பிழையாச் சொல்லவோ?"

குரலில் ஒரு குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேனையால் எழுதவோ பென்சிலால் எழுதவோ என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது தங்களுக்கும் தெரியவேண்டும் என்பதுபோல.

"தெரிஞ்சதைச் சொல்லு பிள்ளை," என்றேன். 

சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். நான் பொத்தானை அமத்தினேன், ஒரு சலாகை மட்டும் உயர்ந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் கழுத்தைத் திருப்பி, யார் வந்திருக்கிறார்கள் என்று பின் கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒருவரும் இல்லை. அப்படியும் நம்பிக்கை வராமல் ஒரு பிள்ளை எழும்பிப்போய், கதவுக்கு வெளியே இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து தன் இடத்தில் இருந்தாள்.